ஆலோசனைச் சபைக்காரர் சொன்ன பகிடி

எண்பதுகளின் நடுப்பகுதியில் எனக்கு ஒக்லாந்தில் வேலை. பென்ரோஸில் இருந்த ஒரு குளிர்கிடங்கில், ஆட்டிறைச்சிப் பெட்டிகளைக் கப்பலுக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். அதற்கு முன் வளைகுடாவின் சிறிய முடியாட்சி ஒன்றில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். கடைத்தெருவிலும் துறைமுகத்திலும் பழகிப் பழகி அரபு எனக்கு நன்றாகவே வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப முடியாது என்று ஆனபோது நானும் மனைவியும் நியூசிலாந்துக்கு வந்தோம். என்னோடு வளைகுடாவில் வேலை செய்த தம்பி அங்கேயே தங்கிவிட்டான்.

ஒருநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அதே நாட்டிலிருந்து ஆலோசனைச் சபை உறுப்பினர்கள் சிலர் இறைச்சி வியாபார விஷயமாக வருகிறார்களாம். கிடங்கைச் சுற்றிப் பார்க்கும்போது நான் மொழிபெயர்க்க வேண்டுமாம்.

அந்தச் சபையை எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்த காலத்தில்தான் அதை அமைத்தார்கள். தேர்தல் கிடையாது. வியாபாரிகள், குலத் தலைவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்று ஆட்சியாளரே ஆட்களைப் பார்த்து நியமிப்பார். அவர்கள் கூடிப் பேசலாம், பரிந்துரை செய்யலாம். சட்டம் இயற்ற முடியாது, வருகிற சட்டத்தைத் தடுக்கவும் முடியாது. வெளிநாட்டுக்காரர்களான நாங்கள் எங்கள் அறைகளில் இருந்துகொண்டு அதைப்பற்றி எவ்வளவோ சிரித்திருக்கிறோம். எங்கள் கடவுச்சீட்டுகள் முதலாளியின் இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. அப்படிப்பட்ட ஊரில் தலையாட்டுவதற்கென்று ஒரு சபை என்பது எங்களுக்கு நல்ல வேடிக்கை.

எப்சமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"என்னத்துக்கப்பா இதுக்குள்ள போய்த் தலையைக் குடுக்கிறியள்? தம்பி அங்கயெல்லோ நிக்கிறான்."

"கிடங்கைச் சுத்திக் காட்டுறதுதானே. அதில என்ன வரப்போகுது?"

வந்தவர்களில் ஒருவர் கட்டையான, பருத்த மனிதர். கடற்கரை ஊர் ஒன்றில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். கிடங்குக்குப் போன வான் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அரபு எங்கே படித்தாய் என்று கேட்டார். நான் இருந்த ஊரைச் சொன்னதும் தொடையில் தட்டினார். அவருடைய மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த ஊராம் அது. தம்பி இன்னும் அங்கே இருக்கிறான் என்றேன். அவன் எந்தப் பகுதியில் வேலை செய்கிறான், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்றெல்லாம் விசாரித்தார்.

மற்றவர்கள் கிடங்குக்குள் கடமைக்காக ஒரு சுற்று வந்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். இவர் மட்டும் வெள்ளை அங்கிக்கு மேல் எங்கள் தடித்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு, மூக்கு நுனி சிவக்கச் சிவக்க நின்றார். கதவு எப்படி மூடுகிறது, சுவருக்குள் என்ன அடைத்திருக்கிறது, மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் குளிர் தாங்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"எங்கள் ஊரில் கோடைகாலத்தில் பாதி மீன் கரைக்கு வருவதற்குள் கெட்டுப்போகிறது. ஒரு ஐஸ் தொழிற்சாலை வேண்டும் என்று சபையில் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்கிறேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. இந்த வருடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்."

மத்தியானம் எங்கள் சாப்பாட்டு அறையில் விருந்து. உள்ளூர்ப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வந்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபரும் வந்திருந்தாள். விருந்தினர்களோடு வந்த செயலாளர் முன்பே என்னைச் சுவரோரமாக அழைத்துப்போய், "யாராவது ஏதாவது ஒருமாதிரிச் சொன்னால் கொஞ்சம் பதமாக மாற்றிச் சொல்லிவிடு" என்றிருந்தார். நான் தலையாட்டினேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நாட்டில் இப்படியான குரலுக்கு எத்தனை வருடம் பணிந்து நின்றிருக்கிறேன். இப்போது நான் நிற்பது என் இடம்.

உள்ளூர் உறுப்பினர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரரைப் பார்த்து நட்பாகத்தான் கேட்டார். "உங்கள் சபையால் மன்னரை மறுத்துப் பேச முடியுமா?"

கடைக்காரர் சிரித்தார். அரபியில் சொன்னார்: "நாங்கள் விருந்தாளிகள் மாதிரி. காபி ஆறிப்போச்சு என்று சொல்லலாம். சமையலறைக்குள் போகக் கூடாது."

அவர்கள் ஊரில் ஆண்கள் கூடி உட்காரும்போது இப்படிப் பகிடியாகப் பேசிச் சிரித்துக்கொள்வது சாதாரணம். அதில் குறையும் இருக்கும், செல்லமும் இருக்கும். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னேன், ஒன்றைத் தவிர. 'காபி ஆறிப்போச்சு என்று மட்டும்தான் சொல்லலாம்' என்றேன். அந்த 'மட்டும்' அவர் வாயிலிருந்து வரவில்லை. அவருடைய சிரிப்பையும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை. சாட்சி சொல்கிறவனைப் போல நிமிர்ந்து நின்று சொன்னேன். உள்ளூர் உறுப்பினர் மேசையில் தட்டிச் சிரித்தார். நிருபர் குனிந்து எழுதினாள். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது மறைத்துப் பயனில்லை.

அடுத்த நாள் காலை பால் வாங்க, அங்கே டெயரி என்று சொல்லும் தெருமுனைக் கடைக்குப் போனேன். பத்திரிகையைப் பிரித்தால், உள்பக்கத்தில் அந்த வாக்கியமே தலைப்பாக இருந்தது. பக்கத்தில் மேலங்கிக்குள் புதைந்து சிரிக்கும் அவருடைய படம். பாலை வீட்டில் வைத்துவிட்டு நேரே அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனேன்.

அவர் வரவேற்புக் கூடத்தில் தனியே உட்கார்ந்திருந்தார். பத்திரிகை மடியில் இருந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"என் படம் போட்டிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது? வாசித்துச் சொல்" என்றார்.

வாசித்தேன். அவர் பத்திரிகையை மடித்து மேசையில் வைத்தார்.

"நான் சிரித்துக்கொண்டல்லவா சொன்னேன்?"

"அது இதில் இல்லை. 'மட்டும்' என்ற சொல்லும் உங்களுடையது இல்லை, நான் போட்டது. செயலாளரிடம் போய், பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று சொல்கிறேன். என் அரபு போதாது என்று சொல்கிறேன். மேலாளரிடமும் சொல்கிறேன்."

எழப்போன என் கையைப் பிடித்து இருத்தினார்.

"உன் தம்பி அங்கே இருக்கிறான் என்று சொன்னாயே."

"ஓம்."

"அப்படியானால் உட்கார். பழி உன் மேல் வந்தால் அவனைத்தான் பிடிப்பார்கள். நான் சொன்னதைத்தான் நீ சொன்னாய்."

அப்போது செயலாளர் மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "நேற்று மிகச் சுத்தமான மொழிபெயர்ப்பு" என்று குத்தலாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் என் கையை விடாமலே இருந்தார். நானும் எழவில்லை. அவர் பிடித்திருந்ததால்தான் எழவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் தம்பியைப் பற்றிய பேச்சு வந்ததுமே எழும் எண்ணத்தை நான் விட்டுவிட்டேன்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்த மனுசனுக்கு ஒண்டும் நடக்காமல் இருக்கவேணும்" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு தம்பியின் தொலைபேசி வரும்போதெல்லாம் இருவரும் அவரைப் பற்றிய செய்திக்காகக் காத்திருந்தோம். அதை வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

சில மாதங்கள் கழித்துச் சபையைப் புதிதாக நியமித்திருக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். அவர் பெயர் அதில் இல்லை. யாரும் அவரைப் பிடிக்கவில்லை, விசாரிக்கவில்லை. பெயர் இல்லை, அவ்வளவுதான். ஐஸ் தொழிற்சாலை வேறொரு ஊருக்குப் போனது. அந்த ஊருக்காகக் கேட்கச் சபையில் ஆள் இருந்தது. இவருடைய ஊருக்கு இல்லாமல் போய்விட்டது.

அந்தச் சபையைப் பார்த்து நாங்கள் எப்படிச் சிரித்தோம்! எதையும் தடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு மனிதர் அங்கே எழுந்து நின்று கேட்டுக் கேட்டு, ஒரு ஊரின் மீனுக்கு ஐஸ் வாங்கித் தரப் பார்த்தார். அந்தச் சின்ன வாசலை மூடியதில் என் கையும் இருந்தது. உண்மையைத்தானே சொன்னாய் என்று என் நண்பர்கள் சிலர் சமாதானம் சொன்னார்கள். உண்மையைச் சொல்லும் உரிமை அவருடையது, எவ்வளவு சொல்வது என்பதும் அவருடையது. நான் அவருடைய வாயைக் கொண்டு என் பழைய கோபத்தைப் பேசினேன்.

தம்பியை அவருடைய கடைக்கு அனுப்பினேன். அவன் போய்ப் பார்த்துவிட்டுக் கடையின் தொலைபேசி எண்ணைத் தந்தான். "நல்லாக் கதைச்சார் அண்ணை. சாப்பாடும் தந்துதான் விட்டவர். உங்களை எடுக்கச் சொன்னவர்" என்றான். எனக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியே எண்ணைச் சுழற்றி ரிசீவரை என் கையில் வைத்தாள்.

அவர் குரல் அப்படியே இருந்தது. ஒக்லாந்தில் மழையா என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோபமா என்று கேட்கிறாய். கோபம் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு நீ என் பக்கத்தில்தான் நின்றாய். வாயைத் திறப்பதற்கு முன் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். நான் கண்ணாலேயே சொல்லியிருப்பேன்."

நான் பார்க்கவில்லை. என் கண் முழுக்க எதிரே நின்ற வெள்ளைக்காரர்கள் மேலிருந்தது. அவர்கள் என்னைப் பார்த்து வியக்க வேண்டும் என்றிருந்தது.

பிறகு அவரே பேச்சை மாற்றி, மீனவர்கள் சேர்ந்து சிறிதாக ஒரு ஐஸ் அறை கட்டப் பார்க்கிறார்கள் என்றார். சுவருக்குள் அடைப்பது என்ன என்று மறுபடி கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். இணைப்பு இரைந்துகொண்டிருந்ததால் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

ரிசீவரை வைத்ததும் மனைவி கேட்டாள். "என்னவாம்?"

"கோபம் இல்லையாம்."

"பிறகென்ன, சந்தோசம்தானே."

"ஓம்" என்றேன். அவள் தேத்தண்ணி போட எழுந்து போனாள். திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று அவர் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.