எங்கள் தெருத் துடைப்பங்கள் இளைத்த கதை

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், மேனாம்பேட்டில் எங்கள் தெருத் துடைப்பங்களுக்கெல்லாம் ஏதோ நோய் வந்துவிட்டது. வாங்கும்போது கொழுகொழுவென்று இருக்கும் தென்னந்துடைப்பம் சில நாளிலேயே மெலிந்து, பிடியில் நிற்காமல் ஆடும். அம்மா முதலில் கடைக்காரரைச் சந்தேகப்பட்டாள். பிறகு எலியை. கடைசியில், எதிர்பார்த்தபடியே, பக்கத்து வீட்டு அக்காவை.

"என் தொடப்பத்துலேர்ந்து உருவி உன் தொடப்பத்துல சொருவிக்கிறியா நீ?" என்று அம்மா குழாயடியில் கேட்டாள். அந்த அக்கா விறுவிறுவென்று உள்ளே போய்த் தன் துடைப்பத்தை எடுத்துவந்து காட்டினாள். அது எங்களுடையதைவிட நோஞ்சானாக இருந்தது.

"எனுதே இந்தக் கதில கீது, நீ வேற வந்துட்டே!"

இருவரும் துடைப்பமும் கையுமாக நின்று சண்டை போட்டதை, நானும் அந்த அக்காவின் மகளும் படியில் உட்கார்ந்து, பால் குடிக்காத பூனைகளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளும் என் வகுப்புதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் டீச்சர். தெற்கே ஏதோ ஊரிலிருந்து புதிதாக வந்தவர். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே அறை, இரண்டே டீச்சர் என்றிருந்த பள்ளி அது. எங்களுக்கு நூறு வரை பாட்டு மாதிரி ஒப்பிக்கத் தெரியும். ஆனால் நாற்பது பெரிதா, இருபத்தொன்பது பெரிதா என்றால் விழிப்போம். இருபத்தொன்பதுதான் பெரியது, அதில் ஒன்பது இருக்கிறதே என்று அடித்துச் சொன்னவள் நான். டீச்சர் திட்டவில்லை. "நாளைக்கு எல்லாரும் குச்சி கொண்டு வாங்க. கீழ விழுந்து கிடக்குற குச்சி போதும்" என்றார்.

குச்சி விழ மரம் வேண்டுமே. எங்கள் தெருவில் மேலிருந்து விழக்கூடியதாக இருந்தது கேபிள் ஒயர் மட்டும்தான். அதனால் துடைப்பம்.

பத்துக் குச்சியைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டால் ஒரு கட்டு. கட்டெல்லாம் ஒரு பக்கம், உதிரியெல்லாம் ஒரு பக்கம். யாரிடம் கட்டு அதிகம் என்று வகுப்பில் போட்டி கிளம்பிவிட்டதால், வீட்டுக்கு வந்ததும் கை தானாகவே துடைப்பத்தின் பக்கம் போகும்.

ஒருநாள் சத்துணவுத் தட்டைக் கழுவ என் பைக்குள் கைவிட்ட அம்மா, கட்டுக் கட்டாகக் குச்சியை வெளியே எடுத்தாள். முதுகில் நாலு வைத்தாள். அதுகூடப் பரவாயில்லை. பெரியம்மா மகன் போகும் இங்கிலீஷ் நர்சரியில் என்னைச் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். அங்கே டை கட்டுவார்கள், வேன் வரும். ஆனால் முட்டை கிடையாது, பக்கத்து வீட்டு மகள் கிடையாது, இந்த டீச்சரும் கிடையாது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள், தான் வேலை பார்க்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு கையில் என்னையும் மறு கையில் துடைப்பத்தையும் பிடித்துக்கொண்டு அம்மா பள்ளிக்கு நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இன்னா டீச்சர், படிக்க அனுப்சா தொடப்பத்த ஒட்ச்சிகினு வரச் சொல்றீங்க? நாங்க ஊட்ட எத்தால பெருக்கறது? டி.சி. குடுங்க, வேற ஸ்கூல்ல போட்டுக்கறோம்."

டீச்சர் துடைப்பத்தைப் பார்த்தார். குச்சிகளின் பூர்வீகம் அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்க இருமினார். "தப்புத்தாம்மா. நான் டி.சி. எழுதுறதுக்குள்ள உங்க பொண்ணு ஒரு கணக்குப் போடட்டும், பாத்துட்டுப் போங்க" என்று, முப்பத்திரண்டில் பதினைந்து போனால் எவ்வளவு என்று பலகையில் எழுதினார்.

இதில் தோற்றால் நர்சரிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று கட்டும் இரண்டு உதிரியும் தரையில் வைத்தேன். ஐந்து குச்சி எடுக்க வேண்டும், இருப்பதோ இரண்டு. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினேன். பத்துக் குச்சியும் தரையில் சரிந்தன. ஐந்தை எடுத்தேன். ஒரு முழுக் கட்டைத் தள்ளிவைத்தேன். மிச்சத்தை எண்ணி, "பதினேழு" என்றேன்.

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பத்து கட்டுக்குள்ளாறயா இருந்துச்சு?" என்று டீச்சரைக் கேட்டாள். "நான் மூணாவது படிக்கசொல்ல, பக்கத்துலேர்ந்து பத்து வாங்குன்னாரு சார். எங்கேர்ந்து வருது சார் அந்தப் பத்துன்னேன். பெரம்பாலயே சாத்தனாரு. அத்தோட நின்னவதான்."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு கணக்குப் போடுங்க டீச்சர்" என்றாள். நான் குச்சிக்குக் கை நீட்டினேன். "இர்றீ" என்று என் கையைத் தட்டிவிட்டுக் கட்டைத் தானே எடுத்துக்கொண்டாள். என் பரீட்சையில் இவள் ஏன் மூக்கை நுழைக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அரைநாள் லீவு முழுநாள் ஆனது. டி.சி. பேச்சையே காணோம்.

வீடு திரும்பும்போது அம்மா இரண்டு துடைப்பம் வாங்கினாள். ஒன்று பெருக்க. இன்னொன்றைப் பரண்மேல் போட்டு, "தொட்ட, கைய ஒட்ச்சிடுவேன்" என்றாள்.

பரண் எனக்கு எட்டாது. ஆனாலும் அந்தத் துடைப்பமும் இளைக்க ஆரம்பித்தது. பழி என்மேல்தான் விழும் என்று பயந்து பயந்து காத்திருந்தேன். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, குழாயடியிலும் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. யார்தான் உருவுகிறார்கள் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். எனக்கென்னவோ பக்கத்து வீட்டு மகள் மேல்தான் சந்தேகமாக இருந்தது.