இறங்க வேண்டிய கோடு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதிதான் சாப்பிடுவதற்கு. மறுபாதி என் ஓரகத்தியுடையது. அங்கே அவளுடைய கம்ப்யூட்டர், இரண்டு மூக்குக் கண்ணாடிகள், எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கீபோர்டு. அந்தப் பக்கம் யாரும் டம்ளர் வைக்கக் கூடாது.

"தண்ணியைப் பத்தியே பத்திரிகை போடுறா. ஒரு வாய் தண்ணியை மேசையில வைக்க விடமாட்டேங்குறா" என்று அவள் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் என் கணவருக்கு அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அவரை நான் மாமா என்றும் அவளை அக்கா என்றும் கூப்பிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். என் தையல் மெஷின் ஜன்னலோரம், அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் வேலை நேரத்தில் அவள் முகத்தைவிட முதுகையும் திரையையும்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேலை சரியாகப் போனால் ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொள்வாள். ஏதாவது இடித்தால் இரண்டு காலும் தரைக்கு வந்துவிடும்.

மழை, ஆறு, ஏரி, நிலத்தடி நீர் என்று தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் எழுதும் கட்டுரைகளை அந்தப் பத்திரிகை வெளியிடுகிறது. காகிதத்தில் வராது, இணையத்தில் மட்டும். எந்த ஊரில் இருப்பவரும் திறந்து படிக்கலாம், காசு கிடையாது. கட்டுரைக்குக் கீழேயே தன் பெயரைப் போட்டுக் கருத்தும் எழுதலாம். வரும் கட்டுரைகளைப் பக்கமாக அமைப்பதும், படங்களை ஒழுங்குபடுத்துவதும் அக்காவின் வேலை.

முதலில் அவள் ஓர் அச்சகத்தில் பில் புத்தகங்களும் மருந்துப் பெட்டி லேபிள்களும் செய்துகொண்டிருந்தாள். பிறகு அறிவியல் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைக்கும் பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். அங்கே கிணற்று நீரில் நஞ்சு கலந்திருப்பதைப் பற்றிய ஒரு கட்டுரை அவள் கைக்கு வந்தது. அது வெளியானதும், அந்தப் பகுதிப் பள்ளி ஆசிரியர் ஒருவர், "எங்கள் பள்ளிக் கிணறும் இதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு பிரதி கிடைக்குமா" என்று எழுதிக் கேட்டாராம். விலையைச் சொல்லிப் பதில் போயிற்று. அக்கா வீட்டிலிருந்து அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்தாள். அவளிடமும் பணம் கேட்டது.

"நான் உக்காந்து அமைச்ச பக்கம். என் மூஞ்சியிலயே கதவைச் சாத்துது" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பத்திரிகை ஆள் தேடுவது தெரிந்ததும் கம்பெனியை விட்டுவிட்டாள். சம்பளம் குறைவு. மாமா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே, "சரி விடு. லிஃப்ட்டும் எல்லாருக்கும்தான் ஓடுது. டிக்கெட் வாங்கிட்டா ஏறுறாங்க?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சில்லை.

இவ்வளவு கவனமானவளுக்குத்தான் அந்தத் தவறு நேர்ந்தது.

ஒரு பெண் தன் பகுதிக் கிணறுகளைப் பல வருடம் அளந்து கட்டுரை எழுதியிருந்தாள். தரையிலிருந்து எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதுதான் அளவு. இந்த மாதிரிப் படத்தில் பூஜ்யம் மேலே இருக்க வேண்டும், அதுதான் தரை. கீழே போகப் போக ஆழம் கூடும். அப்படி வரைந்தால்தான் தண்ணீர் இறங்கும்போது கோடும் இறங்கும். அந்தப் பெண் அனுப்பிய படம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் மங்கல். அதனால் அக்கா அவளுடைய எண்களை வைத்துப் புதிதாக வரைந்தாள். கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி பூஜ்யத்தைக் கீழே வைத்தது. எண் ஒன்றுகூடத் தப்பில்லை. கோடு மட்டும் ஏறியது. வருடா வருடம் தண்ணீர் பெருகுகிறது என்று பார்த்தவுடன் தோன்றும்படி அழகாக ஏறியது. இப்படி எத்தனையோ படங்களைச் சரியாக வரைந்தவள் அன்று எப்படித் தவறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியிடும் முன் சரிபார்ப்பதற்கான புரூஃப் அந்தப் பெண்ணுக்குப் போயிற்று. அவள் பஸ்ஸில் போகும்போது போனில் எழுத்துப் பிழைகளை மட்டும் பார்த்துவிட்டு, சரி என்று அனுப்பிவிட்டாள்.

கட்டுரை வெளியாகிக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. நான் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். கை ஓய்வில்லாததால் அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"மேடம், என் கட்டுரையைக் கொஞ்சம் திறந்து பாருங்களேன். மூணாவது படம்."

அக்கா திறந்தாள். இரண்டு காலும் தரைக்கு வந்தன.

"நான்தான் தப்பா அனுப்பிட்டேனா மேடம்? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"நீ சரியாத்தான்மா அனுப்பியிருக்கே. தலைகீழா போட்டது நான்."

அந்தப் பெண் அழுதுகொண்டே மீதியைச் சொன்னாள். அவள் பகுதித் தண்ணீர் அலுவலகம் அந்தப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, 'நிலத்தடி நீர் உயர்ந்து வருகிறது' என்று தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்றுதான் பத்திரிகையே நடக்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதைப் பார்த்த ஒரு பொறியாளர் கட்டுரைக்குக் கீழே எழுதிவிட்டார்: 'எழுத்து தண்ணீர் குறைகிறது என்கிறது. படம் கூடுகிறது என்கிறது. தண்ணீர் அலுவலகத்தைத் திருப்திப்படுத்தத்தான் ஆராய்ச்சியாளர் படத்தைத் திருப்பினாரா?'

"அடுத்த வாரம் எனக்கு இன்டர்வியூ மேடம். வேலை நீட்டிப்பாங்களா இல்லையான்னு அன்னைக்குத்தான் முடிவு. கமிட்டியில எல்லாரும் இதைப் படிச்சிருப்பாங்க. பொய்க் கணக்கு போட்டவன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்புறம் எந்த இடத்துலயும் வாசப்படி ஏத்த மாட்டாங்க."

"அழாதே. அது உன் தப்பில்லைன்னு உலகத்துக்கே தெரியும்படி பண்றேன். முதல்ல முகத்தைக் கழுவு."

மதியம் சாப்பிட வந்த மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மேல எது, கீழ எதுன்னு தெரியாம என் தொழில்ல இருந்திருந்தா இந்நேரம் நாலு பேரு போயிருப்பாங்க" என்றார்.

"பேசி முடிச்சாச்சா? தட்டை எடுங்க, எனக்கு வேலை இருக்கு."

அவர் அக்கா முகத்தை ஒருமுறை பார்த்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, டீ போட்டு மேசையின் எங்கள் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

பத்திரிகையின் ஆசிரியர் ஓய்வு பெற்ற பேராசிரியர். சம்பளமே வாங்காமல் நடத்துகிறார். தங்கமான மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். அக்கா அவரைக் கூப்பிட்டாள்.

"படத்தை மாத்தி, சத்தமில்லாம ஏத்திடும்மா" என்றார் அவர். "நம்ம தளம்தானே. யார் கேக்கப்போறா?"

"பழைய படம் எத்தனை பேர் கையில இருக்குன்னு நமக்கே தெரியாது சார். சத்தமில்லாம மாத்தினா, மாட்டிக்கிட்டதும் அந்தப் பொண்ணு மாத்திட்டான்னுதான் பேசுவாங்க."

"சரி, திருத்தம்னே போடுவோம். மூன்றாம் படத்தில் ஒரு பிழை இருந்தது, சரிசெய்தோம்னு ரெண்டு வரி."

"யார் பண்ண பிழைன்னு சொல்லணும் சார். இல்லேன்னா அவ தலையிலதான் விடியும்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இதோ பாரு, தரமான பத்திரிகைகளோட பெரிய பட்டியல் ஒண்ணுல நம்மளையும் சேர்க்கலாமான்னு இப்பத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல நாமளே படத்தைத் தலைகீழா போட்டோம்னு தண்டோரா போடணுமா?"

"பத்திரிகை மேல போட வேண்டாம் சார். என் பேரைப் போடுங்க."

"பக்கம் அமைக்கிறவங்க பேரை யாரும்மா திருத்தத்துல போடுவா? நாளைக்கு வேற எங்கயாவது வேலைக்குப் போனா, உன் பேரைத் தேடினதும் இதுதான் முன்னால வந்து நிக்கும்."

"நிக்கட்டும் சார். நிக்க வேண்டியது அந்தப் பொண்ணு பேர் இல்லையே."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். மறுநாளும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். இன்டர்வியூ நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா கையிலிருந்த வேறு கட்டுரைகளை அமைத்தாள், அழித்தாள், மறுபடி அமைத்தாள். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, அந்தக் கருத்துப் பகுதி எல்லாருக்கும் திறந்ததுதானே? எனக்கு மட்டும் பூட்டா போட்டிருக்காங்க?"

உட்கார்ந்து எழுதினாள். 'நான் இந்தப் பத்திரிகையில் பக்கம் அமைப்பவள். இந்தப் படத்தை வரைந்தது நான்தான். ஆராய்ச்சியாளர் அனுப்பிய படத்தில் பூஜ்யம் மேலே இருந்தது. நான் அதைக் கீழே வைத்துவிட்டேன். அவர் படத்தையும் என் படத்தையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவர் எழுதியதுதான் சரி. தண்ணீர் குறைகிறது.'

"படிச்சுப் பாரு. புரியுதா?"

புரிந்தது. தலையாட்டினேன். அடியில் தன் முழுப் பெயரைப் போட்டாள். பிள்ளையின் காய்ச்சலைத் தொட்டுப் பார்ப்பதுபோல மவுஸின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அழுத்திவிட்டாள்.

ஆசிரியர் உடனே கூப்பிட்டுச் சத்தம் போட்டார். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" "கேட்டேனே சார், ரெண்டு நாளா." அவர் வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை அக்கா சோற்றில் கை வைக்கவில்லை. வேலை போய்விட்டது என்றே நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே திருத்தம் வந்திருந்தது. அக்கா எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே ஆசிரியர் தன் பெயரையும் சேர்த்திருந்தார்: 'வெளியிடும் முன் நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.' அக்கா அதைப் படித்துவிட்டு ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டாள். அன்றுதான் அவரை நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

பொறியாளர் தன் கேள்வியைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதினார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. தண்ணீர் அலுவலகத்துக்கு அக்கா விடாமல் போன் செய்தாள். அவர்கள் படத்தை எடுத்துவிட்டார்கள். சரியான படத்தை இன்னும் போடவில்லை.

இன்டர்வியூ முடிந்ததும் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அவங்க அந்தப் பக்கத்தையே திரையில திறந்து வச்சிருந்தாங்க மேடம். திருத்தத்தைப் படிச்சுட்டு, நீங்க ஏன் புரூஃப்ல பார்க்கலைன்னு ஒருத்தர் கேட்டார். பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல பார்த்தேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்புறம்..."

"நீட்டிச்சாங்களா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."

"நீட்டிச்சுட்டாங்க மேடம்!"

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். குரல் மட்டும் கறாராகவே வந்தது. "அடுத்த தடவை மங்கலா படம் அனுப்பினா, உன்னைப் பத்தி நானே கீழ கருத்து எழுதுவேன், பாத்துக்க."

அவள் அமைத்த கட்டுரைகள் எத்தனையோ. எதிலும் அவள் பெயர் இல்லை. இந்த ஒன்றில் இருக்கிறது, தவறு செய்தவள் என்று. மாமா அந்தப் பக்கத்தைத் தன் போனில் வைத்திருக்கிறார். வேலைக்குப் போகும் இடங்களில், லிஃப்டை நிறுத்தி வைத்துவிட்டுக் கூட இருப்பவர்களிடம் எடுத்துக் காட்டுகிறாராம்.

"என் பொண்டாட்டி பேருப்பா. உலகத்துல எங்க இருந்து வேணா பார்க்கலாம், காசு கிடையாது."