ஐந்தாவது கியரில் நின்ற கார்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவள்ளூர் மணவாள நகரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

காக்களூரில் நான் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அதன்பின் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிகாலையில் எங்கள் பகுதிப் பெண்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போய், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் முதல் ஷிப்டுக்கு இறக்கிவிட வேண்டும். ஷிப்டு முடிந்ததும் திரும்ப அழைத்து வர வேண்டும். ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் போய்ப் பாதை மாற வேண்டும். அந்த நேரத்துக்கு அது சரிப்படாது. அதனால்தான் கம்பெனி கார் ஏற்பாடு செய்திருந்தது. எங்கள் வீட்டுக்கு அது ஒன்றுதான் வருமானம்.

கொஞ்ச நாளாக வண்டி இழுக்கவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் உதறியது. பெரியபாளையம் தாண்டுவதற்குள் நின்று நின்று போனது. இரண்டு முறை பெண்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். வண்டிகளை ஏற்பாடு செய்யும் காண்ட்ராக்டர் போனில் சுருக்கமாகச் சொன்னார்: "இன்னொரு தபா லேட்டாச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன். அப்பால என்னாண்ட வந்து நிக்காத."

கோளாறு என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீச்சப்படும். காற்று நுழையும் வால்வுகளின் மேல் பெட்ரோல் படாது. ஆகவே எண்ணெய் ஆவி அங்கே படிந்து, நாளாக நாளாகக் கரியாக இறுகிவிடும். காற்று போக வழி குறைந்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். ஷெட்டில் விட்டால் மூன்று நாள் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அன்று தெருக்கோடியில் ஒரு சாவு. குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப்போன இளைஞன். இரவில் சத்தம் போடுவான், யார் வீட்டு வாசலிலாவது விழுந்து கிடப்பான். முகம் தெரியும், பெயர் தெரியாது. அம்மா இல்லை. அப்பா காக்களூரில் வாட்ச்மேன்.

நான் பானெட்டைத் திறந்ததும் என் மனைவி வெளியே வந்தாள். "தெருவுல சாவு வுழுந்துகீது. இன்னிக்குன்னு பாத்து ரோட்டுல வண்டிய பிரிச்சிப் போட்டுகினு குந்திக்கிறியே, நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"நாளிக்கு வண்டி நின்னா அந்த நாலு பேரு வந்து சோறு போடுவாங்களா?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

வேலையின் முறை எளிது. காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்றினால் வால்வுகளுக்குப் போகும் துளைகள் தெரியும். துளைக்குள் கிளீனர் ஊற்றி ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கரியை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அந்த நேரத்தில் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் எல்லாம் சிலிண்டருக்குள் போய்விடும். அதற்காக வண்டியை ஐந்தாவது கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். சக்கரம் உருண்டால் இன்ஜினும் சுற்றும். அடுத்த வால்வு மூடிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியிருந்ததால் வண்டி லேசாகவே நகர்ந்தது. தள்ள இடம் வேண்டுமென்று காரைத் தெருவில் பாதி நீட்டி நிறுத்தியிருந்தேன். பிணத்தைச் சாயங்காலம்தான் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

மூன்று சிலிண்டர் முடிந்தது. நான்காவது, கடைசித் துளையில் கிளீனர் ஊற்றி பிரஷ்ஷை உள்ளே விட்டபோது, கிளீனர் தெறித்து இரண்டு கண்ணிலும் பட்டது. நெருப்பாக எரிந்தது. பிரஷ்ஷைத் துளையிலேயே விட்டுவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடினேன்.

தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேளச் சத்தம் கேட்டது. வெடிச் சத்தம் கேட்டது. ஈரத் துண்டோடு வெளியே ஓடி வந்தேன். பூ அலங்கார வண்டி என் காருக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. எடுத்த பிணத்தை நடுவழியில் நிறுத்தக் கூடாது என்பது வழக்கம். பத்துப் பதினைந்து பேர் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்கடா! கியர்ல கீதுடா!" என்று கத்தினேன். கையை வீசி வீசிக் கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. கார் நான்கு வீடு தாண்டி ஓரமாய்ப் போய் நின்றது.

தள்ளியவர்களில் ஒருவன் மூச்சு வாங்கியபடி என் காதருகே வந்தான். "கவலப்படாதண்ணா, பூ மாதிரி தள்ளி வெச்சிக்கிறோம்."

பூ வண்டிக்கு முன்னால் கொள்ளிச்சட்டியோடு அந்த அப்பா நடந்து வந்தார். என்னை ஒரு கணம் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

ஊர்வலம் போனதும் பிரஷ்ஷை வெளியே எடுத்தேன். அவர்கள் தள்ளியபோது இன்ஜின் சுற்றி, வால்வு திறந்து மூடியதில் நுனி நசுங்கியிருந்தது. பாதிக் கம்பிகள் உடைந்து சிலிண்டருக்குள் போயிருந்தன. மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சினேன், காந்தம் கட்டிய கம்பி விட்டுத் துழாவினேன். சில வந்தன. எல்லாம் வந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இருட்டுவதற்குள் கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டி ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. அடியில் ஒரு சின்ன உரசல் சத்தம் இருந்தது. அது கேட்காததுபோல் பானெட்டை மூடினேன்.

திங்கட்கிழமை காலை, பெரியபாளையத்துக்கு முன்பே இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டு இறுகி நின்றுவிட்டது. இருபுறமும் வயல். "ஐயோ அண்ணா, இன்னிக்குமா?" என்று ஒரு பெண் தலையில் கை வைத்தாள். நால்வரும் கைப்பையை இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் நோக்கி ஓடினார்கள். காண்ட்ராக்டர் அதன்பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிஸ்டனிலும் சிலிண்டர் சுவரிலும் ஆழமான கீறல்கள். ஒரு வால்வு வளைந்திருந்தது. "இன்னாண்ணா இது, உள்ள கொத்து பரோட்டா போட்டு வெச்சிக்கிற?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பழைய இரும்பு விலைக்குத்தான் போகும் என்று அவர் சொல்லாமலே தெரிந்தது.

அதன் பிறகு பல நாட்கள் வீட்டில் சும்மா கிடந்தேன். உயிரோடு இருந்தபோதும் தொல்லை, செத்தும் தொல்லை என்று அந்தப் பையனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மனைவி முதலில் அதட்டினாள். பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள்.

ஒரு மத்தியானம் அந்த அப்பா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். தலை மழித்திருந்தது.

"காரியம் முடியாம யார் ஊட்டுக்கும் போவக் கூடாது. அதான் தம்பி, இத்தினி நாளு வரல" என்றார்.

உட்காரச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன இட்டுக்கினு போவ சொல்ல, தெருவே கதவ சாத்திக்கினு இருந்துச்சு. வந்தவனுங்களும் குடிச்சிட்டு ஆடுனானுங்க. நீ ஒருத்தன்தான் ஓடியாந்து கத்துன. கண்ணு ரெண்டும் செவந்து தண்ணியா ஊத்துச்சு. மோளத்துல இன்னா சொன்னன்னு காதுல வுழல. ஆனா நான் பாத்தேன் தம்பி."

சமையலறை வாசலில் என் மனைவி அசையாமல் நின்றாள்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் விடவில்லை. "அவங்கூட உனுக்கு அவ்ளோ பழக்கமா? எனக்குத் தெரியவே தெரியாது. உன்னாண்ட இன்னா பேசுவான்? எங்கிட்ட அவன் பேசியே ரொம்ப நாளாச்சு. ஏதாவது சொல்லேன்."

நான்கு வருடம் ஒரே தெருவில் இருந்தோம். தேடிப் பார்த்தேன். அவன் என்ன வேலைக்குப் போனான், யாரோடு சுற்றினான், எப்படிச் சிரிப்பான், ஒன்றும் என்னிடம் இல்லை. குடித்து விழுந்து கிடந்தது மட்டும்தான் இருந்தது.

"நல்ல புள்ளண்ணா" என்றேன்.

அவர் தலையாட்டினார். மேலும் வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கொடுத்த டீயைக் குடித்து முடித்தார். "அப்புறம்?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துவிட்டார். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "அழுவாத தம்பி. போனவன் போயிட்டான்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நானும் கும்மிடிப்பூண்டியில்தான் வேலை செய்கிறேன். பேக்கிங் வேலை, மதிய ஷிப்டு. ரயில் மாறி மாறிப் போகிறேன். தெருவில் எதிர்ப்பட்டால் அவர் இன்றும் ஒரு நிமிடம் நிற்கிறார், நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று. தன் மகனுக்காக அழுதவன் ஒருவனாவது உண்டு என்று நம்பித்தான் அந்த மனிதர் நாட்களை ஓட்டுகிறார். அந்த ஒருவனும் அழவில்லை என்பதை அவருக்குத் தெரியாமல் காப்பதைத் தவிர, அந்தப் பையனுக்காக நான் செய்யக்கூடியது இனி எதுவும் இல்லை.