மழையில்லாத கடல்

என் அண்ணன் பஹ்ரைன் தீவில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். நாங்கள் கடத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். கிணறும் ஏரியும்தான் எங்களுக்குத் தெரிந்த தண்ணீர். பஹ்ரைனில் மார்கழி, தை மாதங்களில் வடமேற்குக் காற்று நாள்கணக்கில் அடிக்கும். ஒரு சொட்டு மழை இராது, வெயில் பளிச்சென்று காயும். ஆனால் அலை படகைவிட உயரமாக எழும். அந்த நாட்களில் விரும்பியவர்கள் மட்டும் கடலுக்குப் போவார்கள்.

இந்தத் தையில் ஒரு நாள் அண்ணன் அறையில் படுத்தபடி வீடியோ காலில் பேசினான். ஜன்னலில் நீல வானம் தெரிந்தது. அப்பாவுக்கு மோசமான நாள் என்றால் மழை நாள்தான்.

“வெயிலு இப்பிடிக் காயுது, பட்டப்பகல்ல படுத்துக் கெடக்கற?”

“காத்துங்கப்பா. போனா திரும்ப முடியாது.”

“பொண்ணு வூட்டுல என்னடா சொல்றது? காத்தடிச்சா மாப்ள தூங்குவாருன்னா?”

அண்ணன் சிரித்தான். நான் என் போனில் அங்கத்துக் காற்றின் வேகத்தை அப்பாவுக்குக் காட்டினேன்.

“நீ சும்மா இர்றா. உங்க காலேஜ்ல கடலு இருந்துச்சா?” என்றார் அப்பா.

மறுநாள் அந்தக் காற்றிலேயே அண்ணன் கடலுக்குப் போனான். கடலுக்குள் போட்டிருந்த மீன்பிடிக் கூண்டைத் தூக்கும்போது எழுந்த அலை, பக்கத்தில் நின்ற ஒடிசாக்காரனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரைக்கு வந்ததும் அண்ணன் போனில் என்னிடம் மட்டும் அதைச் சொல்லி அழுதான்.

அடுத்த நாள் அப்பா பேசினார்.

“போனியா?”

“போனேங்கப்பா.”

“பாத்தியா, ஒண்ணும் ஆவல இல்ல?”



“ஒண்ணும் ஆவலீங்க.”