ஹாரன் சத்தத்துக்குக் கண் திறந்த ஆந்தை

டிசம்பர் கடைசியில் முருகேசனிடமிருந்து போன் வந்தது. "சார், உங்க ஆந்தை வந்துகீது." அலுவலகத்தில் லீவு கிடைத்த முதல் சனிக்கிழமைக்கு, முந்தின மாலையே கிளம்பிவிட்டேன்.

முருகேசன் கோலார் தங்கவயலில் ஆட்டோ ஓட்டுபவர். ஆந்தை என்றால் குட்டைக்காது ஆந்தை. வடக்கே வெகு தூரத்திலிருந்து குளிர்காலத்துக்கு வருவது, நம் பக்கம் அபூர்வம். போன ஜனவரியில் அதை இங்கே பார்த்துவிட்டு எங்கள் பறவை வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். படம் கலங்கல். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "இது உள்ளூர்க் கொம்பன் ஆந்தை, அவசரப்படாதீர்கள்" என்று எழுதி, கூடவே ஒரு கும்பிடும் போட்டார். அந்தக் கும்பிடுதான் வயிற்றெரிச்சல். பதினேழு வருடமாகக் கேமராவும் கையுமாக அலைகிறவனுக்குக் கொம்பனைத் தெரியாதா? கொம்பனுக்குக் கண் ஆரஞ்சு நிறம், இதற்குப் பளிச்சென்ற மஞ்சள். கண் தெரிய ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும். பயணம் அதற்குத்தான்.

வெள்ளி மாலை காட்பாடியில் ரயில் ஏறி, பங்காரப்பேட்டையில் இறங்கி, பஸ்ஸில் தங்கவயலின் கடைவீதிப் பகுதியான ராபர்ட்சன்பேட்டை சேரும்போது எட்டரை. கடைத்தெருப் பக்கம் லாட்ஜ் அறை 900 ரூபாய். வெந்நீர் ஆறு மணிக்கு மேல்தான் வரும், அதாவது பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு வராது.

காலை 5.50க்கு முருகேசன் மங்கி கேப்போடு வாசலில் நின்றார். அரை நாளுக்கு 700 ரூபாய் என்று முன்பே பேசியாயிற்று. கோரமண்டல் என்ற பழைய சுரங்கப் பகுதிப் பக்கம் சுமார் நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்குள் காற்று ஊசியாய்க் குத்தியது. ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள், பெங்களூர் குளிர்தானே என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

6.45க்கு வெளிச்சம் வந்தது. தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டின் மேல் ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து சுற்றியது. சாலையோரமே நின்று, ஷட்டரை 1/2000இல் வைத்து நாற்பது படம் எடுத்தேன். அதில் ஆறு அருமை. இதற்காகவே இந்த ஊருக்கு வரலாம், சும்மா சொல்லவில்லை.

ஏழு மணிக்கு முருகேசன் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, கையைக்கூட நீட்டாமல், மோவாயால் காட்டினார். காய்ந்த புல்லுக்குள் ஒரு காய்ந்த கட்டை. லென்ஸ் வழியாகப் பார்த்தால் கட்டைக்கு முகம் இருந்தது. ஆட்டோவுக்குள்ளிருந்தே எடுத்தேன். படம் கத்திமாதிரி இருந்தது. ஆனால் கண் மூடியிருந்தது. இதைக் குழுவில் போட்டால் இன்னொரு கும்பிடு வரும்.

கால் மணி நேரம் ஆயிற்று. என் பார்வை தானாகக் கீழே கிடந்த மண்கட்டி மேல் போனது. முருகேசன் அதைக் கவனித்துவிட்டார்.

"போன வருசம் மாதிரி பண்ணாதீங்க சார்," என்றார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் பறக்கும் படம் வேண்டுமென்று ஒரு மண்கட்டியை வீசினேன். ஆந்தை எழும்பியது. எங்கிருந்தோ ஐந்து பருந்துகள் வந்து அதைக் கண்காணாத தூரத்துக்கு விரட்டிக்கொண்டு போயின. படம் கலங்கியதற்குக் காரணம் அதுதான். கும்பிடு போட்டவர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததற்கும் அதுதான். முருகேசன் அன்றைக்கு இதே ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், வெட்கக்கேடு.

"இன்னும் அஞ்சு நிமிசம் இருங்க. ரயிலு வண்டி வரும், ஹாரன் அடிப்பான். அது முழிக்கும்."

பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களைக் கோரமண்டல் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, தினமும் இந்த இடத்தில்தான் அவர் டீ குடிப்பாராம். மூன்று வாரமாகப் பார்த்திருக்கிறார். ரயிலுக்கு அது பறப்பதில்லை. ஒரு தடவை முழித்துப் பார்க்கும், அவ்வளவுதான்.

7.20க்கு ஹாரன் கேட்டது. ஆந்தை கண்ணைத் திறந்தது. இரண்டும் மஞ்சள், எலுமிச்சைப் பழத் தோல் மாதிரி. மூன்று படம் எடுத்தேன். வண்டி போனதும் மறுபடியும் கட்டையாகிவிட்டது.

அன்றே படத்தைக் குழுவில் போட்டேன். கீழே போன வருட மண்கட்டிக் கதையையும் எழுதினேன். அதிகாரி மனிதர்தான், மன்னிப்புக் கேட்டார். அடுத்த வரியில், "லொகேஷன் அனுப்புங்கள்" என்றார்.

அனுப்பவில்லை. எந்தப் புல் என்று உங்களுக்கும் சொல்வதாக இல்லை. மற்றதெல்லாம் கேளுங்கள்: டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம். 400 எம்எம் லென்ஸ் போதும். வேலி தாண்டாதீர்கள், பழைய சுரங்கக் குழி, அதான் ஷாஃப்ட், எங்கே வாய் திறந்திருக்கும் என்று தெரியாது. காற்றடித்தால் மேட்டுத் தூசி பறக்கும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஆட்டோவிலிருந்து இறங்காதீர்கள், பறவைக்கு ஆட்டோ பழக்கம், நாம்தான் பழக்கமில்லை. எனக்கு மொத்தச் செலவு சாப்பாட்டோடு 2,150 ரூபாய்.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து, யாராவது ஆந்தை தேடி வந்தால் ஜாக்கிரதை என்று முருகேசனுக்குப் போன் செய்தேன்.

"ஏற்கெனவே நாலு பேரு வந்துட்டாங்க சார். பேத்தமங்கலா ஏரிக்குக் கூட்டினு போயிட்டேன். அங்க வாத்து நெறைய கீது. சந்தோசமாத்தான் போனாங்க."

ஆகவே தங்கவயலில் மங்கி கேப் போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் உங்களை ஏரிக்கு அழைத்துப் போனால் சண்டை போடாதீர்கள். வாத்துகள் உண்மையிலேயே அழகு.