கரண்டு வைக்கும் டாக்டர்

சிவகாசியில் எங்கள் தெருவுக்கு நான் எக்ஸ்ரே டாக்டர்தான். கதிர்வீச்சால் புற்றுநோயைக் குணப்படுத்துகிற படிப்பு வேறு என்று சொல்லிச் சொல்லி அம்மா ஓய்ந்துபோனாள். அதில் டிப்ளமோ முடித்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே சிறப்பு மருத்துவர் சான்றிதழுக்கும் படித்தேன். எழுத்துத் தேர்வில் தேறி, செய்முறைத் தேர்வுக்காக வடக்கே ஒரு ஊருக்குப் போனேன்.

அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணைப் பரிசோதித்துவிட்டு, என்ன சிகிச்சை கொடுப்பேன் என்று சொன்னேன். ஒரு தேர்வாளர் தலையாட்டினார். இன்னொருவர், "அப்படியா நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பாராட்டினாரா, எச்சரித்தாரா என்று ரயிலில் ஊர் வந்து சேரும்வரை விளங்கவில்லை. முடிவு வந்தது. பெயில்.

அந்தச் சமயம் பார்த்து அத்தை எங்கள் மருத்துவமனைக்கு வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை. மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷம் கழித்து உதிரம் பட்டிருக்கிறது. தீபாவளி சீசன் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கும் அதே நோய்.

எங்கள் பெரிய டாக்டர் பரிசோதித்துவிட்டு, "சிகிச்சையை நீயே எழுதும்மா, நான் பார்க்கிறேன்" என்றார். தேர்வில் சொன்னதைத்தான் எழுதினேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் எதையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

"சார், இதைச் சொல்லித்தான் பெயிலானேன்."

"இருக்கலாம். வேற எதுக்காகவும் இருக்கலாம்."

கதிர்வீச்சு கொடுப்பதை எங்கள் பக்கம் கரண்டு வைப்பது என்பார்கள். மெஷின் அறை வாசலில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, நீ பெயிலாயிட்டேன்னு உங்கப்பன் அழுதான். பெயிலானவுக கரண்டு வைக்கலாமா?"

"பெரிய டாக்டர் பாத்துத்தான் வைக்கோம் அத்தை."

"அப்ப அவரு எதுக்கு ஒன்னைய எழுதச் சொன்னாரு?"

"பேசாமப் படுங்க அத்தை" என்றேன்.

சிகிச்சை நடந்த நாளெல்லாம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். எல்லாப் புத்தகமும் நான் எழுதியதையே சொன்னது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் உதிரம் நின்றது. சில மாதத்தில் அத்தை பழையபடி கம்பெனி வேனில் ஏறிப் போனாள்.

மறுபடி தேர்வுக்குப் போனேன். வேறு ஊர், வேறு தேர்வாளர்கள், ஆனால் அதே நோய். அதே பதில். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாஸ்.

அப்பா தெரு முழுக்கக் காராச்சேவு கொடுத்தார். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இப்பப் புதுசா என்னத்தப் படிச்சே?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். சொல்லும்படி ஒன்றும் தட்டுப்படவில்லை.