விண்கப்பலில் திறக்காத கதவு

இதை வெளியே சொல்லாதே என்றுதான் எழுத்தக்கா முதலில் சொன்னாள். பிறகு அவளே, "சொல்லு. நாலு பேருக்குத் தெரியட்டும். ஆனா ஒரு வார்த்தை கூட்டாத, ஒரு வார்த்தை குறைக்காத" என்றாள். அப்படியே சொல்கிறேன். பேய்க்கு இருட்டினால்தான் வேலை என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல்.

படக்கதைப் புத்தகத்தில் ஆட்கள் பேசுவது ஒரு குமிழிக்குள் இருக்குமே, அந்த எழுத்தை எழுதுவதுதான் அவள் தொழில். அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். படம் போட்டது அவள் தம்பி. அவன் படம் பேசும், கையெழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி. கதை எழுதியவர் தம்பியின் கூட்டாளி. எல்லோருக்கும் அவர் கதாசிரியர். மூவருமாகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஒரு விண்கப்பல் கதையை நடத்தினார்கள்.

தம்பி செத்துப் பதினாலு மாசம். கதாசிரியர் ஆபீஸில் ராத்திரி உட்கார்ந்து வரைந்தவன், காலையில் இல்லை. "மேஜையிலயே தூங்கிட்டான்க்கா. தூக்கத்துலயே போயிட்டான். நிம்மதியான சாவு" என்று போன் பண்ணியது கதாசிரியர்தான். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவள் நம்பினாள்.

அந்த விண்கப்பல் இப்போது தொலைக்காட்சித் தொடராகிறது. முன்னோட்டம் வந்தது. 'உருவாக்கம்' என்று போட்டுக் கதாசிரியர் பெயர் மட்டும். தம்பி பெயர் பொடி எழுத்தில்கூட இல்லை.

போன் போட்டாள்.

"அவன் படம்தானேக்கா போட்டான். கற்பனை என்னுது."

பாதிப் பேச்சில் போனை வைத்தாள். செருப்பை மாட்டினாள். கிளம்பிவிட்டாள்.

படப்பிடிப்புக் கூடத்தை அடைந்தபோது மணி 12.50. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். "ரெண்டு மணிக்குள்ள வந்துருவாங்கம்மா, உள்ள உக்காருங்க" என்றார் வாட்ச்மேன். கூடம் ஒரு பெரிய கிடங்கு. ஜன்னல் கிடையாது. நடுவில் ஒட்டுப்பலகையால் கட்டிய விண்கப்பல். ஒரே ஒரு விளக்கு எரிந்தது.

உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். தம்பி வரைந்த நடைக்கூடம். அதே வளைவு, அதே குழாய்கள். அவனுக்கு ஜன்னல் நேராக வராது, இடப்பக்கம் ஒரு விரற்கடை சாயும். ஆசாரி அந்தச் சாய்வைக்கூட விடாமல் செய்திருந்தார்.

"கோணலைக்கூடத் திருடியிருக்கான். பேரை மட்டும் விட்டுட்டான், படுபாவி!" வாய்விட்டே சொன்னாள். அவள் குரல் பலகையில் மோதித் திரும்பி வந்தது.

1.12. டொக்... டொக்... டொக்...

கண்ணாடியில் கட்டை தட்டுகிற சத்தம். தம்பி பிரஷ்ஷை மையில் தோய்த்தால், புட்டியின் வாயில் மூன்று தட்டுத் தட்டுவான். மூன்றுதான். நாலு கிடையாது.

"யாரு அங்க? கதாசிரியரா? விளையாடுறியா என்கிட்ட? வாய்யா வெளிய!"

மை வாசனை மட்டும் வந்தது.

நடைக்கூடத்தின் கடைசியில் ஒரு கதவு. நிஜக் கதவு இல்லை. ஆணி அடித்த வெறும் பலகை, வெள்ளைச் சாயம். பின்னால் கூடத்தின் சுவர்தான். அந்தப் பலகைக்குப் பின்னாலிருந்து...

மூச்சு.

இழுத்து... இழுத்து... விசில் மாதிரி. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. அந்த மூச்சை அவளுக்குத் தெரியாதா?

பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"இப்ப வந்து என்னடா? உசுரோட இருந்தப்ப அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? பேரைப் போடுன்னு கேட்டியா? வாயில என்னடா வச்சிருந்த?"

மூச்சு நின்றது.

கதவின் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு கறுப்புப் புள்ளி.

புள்ளி கோடானது.

கோடு எழுத்தானது.

பிரஷ் இல்லை... கை இல்லை...

கோழி கிளறின எழுத்து. அவள் தரையில் உட்கார்ந்து படித்தாள்.

'கதவைத் திற. மூச்சு முட்டுது.'

தொட்டாள்.

ஈரம்.

1.54-க்கு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. ஆட்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். அவளுக்கு அஞ்சு நிமிஷம் போன மாதிரிதான் இருந்தது. முன்னால் கதாசிரியர், பல் குத்திக்கொண்டு. அவளைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவர் கதவைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"நான்... பூட்டணும்னு பூட்டலக்கா" என்றார்.

எழுத்தக்கா எழுந்தாள்.

"எந்தக் கதவை?"

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"எந்தக் கதவைடா?"

"பக்கத்தை முடிக்காம ஓடிருவான்னுதான்... காலையில டிவிக்காரங்க வராங்க... வெளிய பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அவன் மருந்து, போன் எல்லாம் பையில இருந்துச்சு. பை வெளியவே மாட்டிக்கிச்சு... காலையில வந்தா கதவோரமா கிடந்தான். நான்தான் தூக்கி நாற்காலில உக்கார வச்சேன்..."

அவள் அறைந்த அறையில் அவர் கண்ணாடி கேமராவுக்கு அடியில் போய் விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. விளக்குப் பிடிக்கிறவர் ஒருவர் மட்டும், "இன்னும் ஒண்ணு குடுங்கம்மா" என்றார். கொடுத்தாள்.

அன்று மாலையே போலீஸில் எழுதிக் கொடுத்தாள். தொடர் நின்றது. கதாசிரியர் உள்ளே போனார்.

இத்தோடு முடிந்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஒன்பது நாள் கழித்துப் போலீஸ்காரர்கள் அந்த ஆபீஸ் அறையைத் திறந்தபோது அவளையும் அழைத்துப் போனார்கள். தம்பி வரைகிற நாளிலும் சரி, செத்த அன்றைக்கும் சரி, அவள் அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. பக்கங்கள் வீட்டுக்கு வரும், எழுதி அனுப்புவாள், அவ்வளவுதான்.

கதவின் உட்பக்கம் முழுக்கத் தொடரின் பெரிய விளம்பரத் தாளை ஒட்டி மறைத்திருந்தார் கதாசிரியர். போலீஸ்காரர் கிழித்தார்.

கீழே, ஒரு முழ உயரத்தில், காய்ந்து கெட்டிப்பட்ட பழைய மை. அதே இரண்டு வாக்கியம்.

ஆனால் தம்பியின் கிறுக்கல் இல்லை. அச்சில் வார்த்த எழுத்து. 'ற' எழுத்தின் கடைசியில் அவள் மட்டும் விடுகிற சின்ன வால்கூட இருந்தது.

"இது யார் எழுத்தும்மா?"

எழுத்தக்கா தன் வலது கையைப் பார்த்தாள். அவள் யோசித்துக்கொண்டிருந்தது தம்பி செத்த அன்று காலையை. போன் வருவதற்கு முன்னால், தூங்கி எழுந்ததும் வலது கை விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அஞ்சு விரலிலும் மை.

தம்பி சாவதற்கு முந்தின அந்த வாரம் முழுக்க அவள் பேனாவையே தொட்டிருக்கவில்லை.